அளந்து கண்ட ஆற்றல்

கடலூருக்குச் சென்றிருக்கிறீர்களா? தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதில் நின்று பாருங்கள். அலைகள் வருவதும் மடங்குவதும் தெரியும். தொலைவில் படகுகள் தெரியும். ஆனால் கடல்நீர் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அலை வேறு, நீரோட்டம் வேறு. மீனவர்கள் தம் வலை இழுபடும் போக்கைக் கொண்டு நீரோட்டத்தை அறிகிறார்கள். அதுவும் தாங்கள் நிற்கும் இடத்தில்தான். நூறு கிலோமீட்டர் அப்பால் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண 2008ஆம் ஆண்டையொட்டி தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டுக் கடற்கரைகளில் ஒரு புதுவகை ரேடார் வரிசையை அமைத்தது. குஜராத், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, அந்தமான் ஆகிய இடங்களில் இரண்டிரண்டாக இவை நிறுவப்பட்டன. தமிழ்நாட்டு இணையில் ஒன்று கல்பாக்கத்தில். மற்றொன்று நமது கடலூரில்.

விமான நிலையத்தில் சுழலும் ரேடாரைப் போன்றதன்று இது. இதன் உயிர் ஓர் வானொலிப் பரப்பி. அந்தப் பரப்பியின் இதயம் 'திறன் பெருக்கி' என்னும் சிறு கருவி. அந்தக் கருவியைச் செம்மையாக அமைக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவன் அதைக் கணக்கால் மட்டும் கற்கவில்லை. அளந்து அளந்தே கற்றான்.

அலையில் கேட்கும் எதிரொலி

முதலில் இந்த ரேடார் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். 1955இல் நியூசிலாந்து நாட்டு அறிவியலார் டக்ளஸ் குரோம்பி ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார். 13.56 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைக் கடல்மீது செலுத்தித் திரும்பி வந்த எதிரொலியை அவர் ஆராய்ந்தார். அனுப்பிய அதிர்வெண்ணிலிருந்து அது ஏறத்தாழ 0.38 ஹெர்ட்ஸ் விலகியிருந்தது. கடலில் ஆயிரம் வகை அலைகள் இருக்க, விலகல் மட்டும் ஏன் ஒரே அளவில் இருக்கவேண்டும்?

விளக்கம் எளிது. வானொலி அலைநீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடல் அலைகளின் எதிரொலிகள் மட்டுமே ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன; மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட நீளமுள்ள ஆழ்கடல் அலைக்குக் குறிப்பிட்ட வேகம் உண்டு. ஆகவே விலகலும் குறிப்பிட்டதாக அமைகிறது.

கடலூர் ரேடார் போன்ற நெடுந்தொலைவுக் கருவிகள் 4.4 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்குபவை. அந்த அலையின் நீளம் சுமார் 68 மீட்டர். எனவே 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகளே அதற்குப் பதில் சொல்லும். அவற்றின் வேகம் வினாடிக்கு 7.3 மீட்டர். அதனால் விளையும் விலகல் சுமார் 0.21 ஹெர்ட்ஸ். அலைகளைத் தாங்கிய நீரே நகர்ந்தால் இந்த விலகல் சற்றுக் கூடும் அல்லது குறையும். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் நீரோட்டத்துக்கு அந்தக் கூடுதல் எவ்வளவு தெரியுமா? 0.003 ஹெர்ட்ஸ்! நாற்பத்து நான்கு இலட்சத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

ஒரு ரேடாருக்கு, நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பது மட்டுமே தெரியும். முழுத் திசையை அறிய வேறோரிடத்திலிருந்தும் பார்க்கவேண்டும். கல்பாக்கமும் கடலூரும் இணையாக அமைந்ததற்குக் காரணம் இதுவே. 1970களில் அமெரிக்காவில் டொனால்டு பாரிக் என்பவரும் அவருடைய குழுவினரும் இம்முறையை நடைமுறைக் கருவியாக வளர்த்தனர்.

இனி, பரப்பியிடம் இந்த ரேடார் கேட்பவை இரண்டு. ஒன்று ஆற்றல்: அலை நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் சென்று திரும்பவேண்டும். மற்றொன்று தூய்மை: பெருக்கி தன் பங்குக்கு எதையேனும் கலந்துவிட்டால் கடலின் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். இவ்வளவையும் செய்யும் பரப்பியின் சராசரித் திறன் சில பத்து வாட் மட்டுமே. வீட்டு மின்விளக்கு ஒன்றின் அளவு! ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு வாட்டும் அருமையானது.

நாற்பது வாட் சென்னை

சில பத்து வாட் என்றதும் ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1924 மே 16ஆம் நாள் சென்னையில் 'சென்னை மாகாண வானொலிக் கழகம்' தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று அமைத்த அக்கழகம், அதே ஆண்டு ஜூலை 31 முதல் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. அதன் முதல் பரப்பியின் திறன் 40 வாட். பின்னர் 200 வாட் பரப்பி வந்தது. பண நெருக்கடியால் 1927இல் கழகம் நின்றுபோயிற்று. சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது.

அக்காலத்தில் பரப்பியின் திறனை எவ்வாறு அளந்தார்கள்? வானலைக்கம்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தை வெப்ப அம்மீட்டரில் பார்ப்பார்கள். மின்னோட்டம் ஒரு மெல்லிய கம்பியைச் சூடாக்கும். சூட்டின் அளவு முள்ளை நகர்த்தும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் திறன் கிடைக்கும். வானலைக்கம்பியின் தடை 10 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர் என்றால் 40 வாட். வானலைக்கம்பிக்குப் பதிலாக ஒரு மின்விளக்கை மாட்டி, அதன் ஒளியைப் பார்த்துத் திருகுகளைத் திருப்புவதும் உண்டு. மிகப் பிரகாசமாக எரிந்தால் சரியான இடம்! சிரிக்காதீர்கள். பின்னாளில் இலட்சக்கணக்கான ரூபாய் விலையுள்ள கருவிகள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

கமலையும் சாலும்

அப்படி எதைத் திருகினார்கள்? பெருக்கிக்குக் கொடுக்கும் 'சுமை'யைத்தான். சுமை என்றால் என்ன என்பதை நம் ஊர்க் கிணற்றடியில் பார்ப்போம்.

மின் பம்புகள் வருமுன் தென்னார்க்காட்டுக் கிணறுகளில் மாடுகள் தண்ணீர் இறைத்தன. கவலை என்றும் கமலை என்றும் இதனை அழைப்பர். ஒரு ஜோடி மாட்டுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஓர் அளவுக்குமேல் அவற்றால் பாரம் இழுக்க முடியாது. ஓர் அளவுக்குமேல் வேகமாக நடக்கவும் முடியாது. சால் மிகப் பெரிதானால் மாடுகள் திணறி, அடி மேல் அடி வைக்கும். சால் மிகச் சிறிதானால் ஓட்டமாக நடந்தும் கிடைக்கும் நீர் கொஞ்சம். இரண்டு வரம்பையும் ஒரே நேரத்தில் தொடவைக்கும் சால் ஒன்று உண்டு. அதில்தான் மிகுதியான நீர் கிடைக்கும்.

திறன் பெருக்கியிலுள்ள டிரான்சிஸ்டரும் இத்தகைய மாடுதான். மின்னோட்டம் அதன் இழுவிசை. மின்னழுத்தம் அதன் நடை. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டிரான்சிஸ்டருக்கு 24 வோல்ட் மின்வழங்கி. அதனால் மின்னழுத்தம் 24 வோல்ட் வீச்சுக்குமேல் ஊசலாட முடியாது. மின்னோட்டமும் 2 ஆம்பியர் வீச்சுக்குமேல் போகாது என்று கொள்க. சுமை 12 ஓம் என்றால் இரண்டு வரம்புகளும் ஒருங்கே எட்டப்படுகின்றன. வெளிவரும் திறன், இரு வீச்சுகளின் பெருக்கத்தில் பாதி; அதாவது 24 வாட்.

சுமையை 3 ஓமாகக் குறையுங்கள். மின்னோட்டம் 2 ஆம்பியரில் நின்றுவிடும். மின்னழுத்தம் 6 வோல்ட்தான் ஊசலாடும். திறன் 6 வாட். சுமையை 48 ஓமாக உயர்த்துங்கள். மின்னழுத்தம் 24 வோல்ட்டை எட்டிவிடும். ஆனால் மின்னோட்டம் அரை ஆம்பியர்தான். அப்போதும் 6 வாட்! பெரிய சாலும் சிறிய சாலும் ஒரே குறையில் முடிகின்றன.

மீதி எங்கே போயிற்று? இந்த டிரான்சிஸ்டரை 'ஏ' வகை இயக்கத்தில் வைத்தால், மின்வழங்கியிலிருந்து எப்போதும் 24 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 48 வாட் உறிஞ்சும். சுமை சரியாக இருந்தால் 24 வாட் வெளியே, 24 வாட் வெப்பம். சுமை தவறானால் 6 வாட் வெளியே, 42 வாட் வெப்பம்! டிரான்சிஸ்டர் அந்த வெப்பத்தில் வெந்தே போகலாம். இதைவிடச் சிக்கனமான இயக்க முறைகள் உண்டெனினும் பாடம் ஒன்றே.

புத்தக விதி ஒத்துவராத இடம்

இங்கே மாணவ நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "மூலத்தின் உள்தடைக்குச் சமமான சுமையை இணைத்தால்தான் பெருமத் திறன் கிடைக்கும் என்று இயற்பியல் நூலில் படித்தோமே?"

நல்ல கேள்வி. அந்த விதி பொய்யன்று. ஆனால் அது வரம்பில்லாத மூலத்துக்கு உரியது. ஏற்பியின் முனையில் வந்து சேரும் மிகச் சிறிய சைகைகளுக்கு அது பொருந்தும்; அங்கே எந்த வரம்பும் எட்டப்படுவதில்லை. திறன் பெருக்கியில் நிலை வேறு. மேற்சொன்ன டிரான்சிஸ்டரின் உள்தடை, சிறிய சைகையில் அளந்தால், 480 ஓம் என்று வைத்துக்கொள்வோம். புத்தக விதியை நம்பி 480 ஓம் சுமையை இணைத்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் 24 வோல்ட்டில் முட்டி நிற்க, கிடைப்பது 0.6 வாட் மட்டுமே. நாற்பதில் ஒரு பங்கு! மாடு களைப்பறியாதது என்று கருதிச் சாலைத் தேர்ந்தெடுத்த கதைதான் இது.

கம்பி நெடுக நடந்த அளவி

பரப்பிக்கும் வானலைக்கம்பிக்கும் இடையே நீண்ட கம்பிப் பாதை உண்டு. முனையில் உள்ள சுமை பொருந்தாவிட்டால், சென்ற அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து, பாதையில் சில இடங்களில் மேடும் சில இடங்களில் பள்ளமுமாக 'நிலை அலை' உண்டாகும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிலிப் ஸ்மித், கம்பி நெடுக அளவியை நகர்த்தி இம்மேடு பள்ளங்களை அளந்தார். ஒவ்வோர் அளவுக்கும் நீண்ட கணக்குப் போடவேண்டியிருந்தது. அந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததே வட்ட வடிவான ஸ்மித் வரைபடம். 1939 ஜனவரியில் அது வெளியாயிற்று. ஜப்பானில் மிசுஹாஷி என்பவர் 1937இலேயே தனியாக இதுபோன்றதைக் கண்டிருந்தார்.

எல்லாச் சுமைகளும் அந்த ஒரே வட்டத்துக்குள் அடங்கும். நடுப்புள்ளி முழுப் பொருத்தம். வெளிவிளிம்பு முழுவதும் திரும்பிவருதல். இதனால் 'பொருத்தம்' என்பது ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்கும் காரியமாயிற்று.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி 1936இல் மற்றொரு வழி கண்டார். பேச்சும் இசையும் எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. உச்சத்துக்கென அமைத்த சுமை, மற்ற நேரங்களில் ஒவ்வாமல் போகிறது. டோஹர்ட்டி இரண்டு வால்வுகளை வைத்தார். சாதாரண நேரத்தில் ஒன்றே உழைக்கும். உச்சம் வரும்போது மற்றொன்று கைகொடுக்கும். அதே வேளையில் முதல் வால்வு காணும் சுமையையும் மாற்றிவிடும். மேடு வந்ததும் இரண்டாவது ஜோடி மாட்டைப் பூட்டுவது போல! அதுவரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிருந்த பயனுறுதிறன் 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. 50 கிலோவாட் நிலையம் ஒன்று 150 கிலோவாட் உறிஞ்சிய இடத்தில், 83 கிலோவாட் போதுமென்றாயிற்று. இன்றைய கைப்பேசிக் கோபுரங்களின் பெருக்கிகளிலும் டோஹர்ட்டியின் அமைப்பு மறுபிறவி எடுத்துள்ளது.

சுமையை இழுத்துப் பார்த்தல்

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததும் புதிய தொல்லை தோன்றியது. வால்வு தவறைப் பொறுத்துக்கொள்ளும்; டிரான்சிஸ்டர் நொடியில் பழுதாகும். 1960களில் சிறு சைகையைச் செலுத்தி, எவ்வளவு கடந்து செல்கிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் முறை வளர்ந்தது. 1967இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் அதற்கான பகுப்பாய்வுக் கருவியை வெளியிட்டது. சிறு பெருக்கிகளை அமைப்பது இதனால் எளிதாயிற்று. ஆனால் திறன் பெருக்கிக்கு அது போதவில்லை. மெதுவாக நடக்கும் மாட்டைப் பார்த்து, அது முழுப் பாரம் இழுக்கும்போது எப்படி நடக்கும் என்று சொல்ல இயலாதன்றோ?

ஆகவே பொறியாளர்கள் நேர்வழிக்குத் திரும்பினர். டிரான்சிஸ்டரை முழு ஆற்றலில் ஓட்டிக்கொண்டே சுமையைச் சிறிது சிறிதாக மாற்றுவது. ஒவ்வொரு சுமைக்கும் வெளிவரும் திறனை அளப்பது. அவற்றை ஸ்மித் வரைபடத்தில் குறித்து, சமமான திறனுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. நிலப்படத்தில் மலையின் சம உயரக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இங்கும் ஒரு மலை தோன்றும்; அதன் சிகரமே வேண்டிய சுமை. இதற்குச் 'சுமை இழுப்பு முறை' என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த கூசாக், பெர்லோ, பெர்ல்மன் ஆகிய மூவர் இந்த அளவீட்டைத் தானியங்கி முறையில் செய்து காட்டினர்.

கோடுகள் வட்டமாக இல்லை. இருபுறம் கூர்மையான கண் வடிவில் இருந்தன. ஏன்? 1983இல் ஸ்டீவ் கிரிப்ஸ் இதற்கு எளிய விடை தந்தார். கண்ணின் ஒரு வளைவு மின்னோட்ட வரம்பால் வருவது. மற்றொன்று மின்னழுத்த வரம்பால் வருவது. நாம் மேலே 3 ஓமுக்கும் 48 ஓமுக்கும் போட்ட கணக்கேதான்! அளவு முன்னே சென்றது. கோட்பாடு பின்னே வந்து விளக்கியது. அப்படியாயின் இனி அளக்கவே வேண்டாமா? வேண்டும். டிரான்சிஸ்டருக்குள்ளே மின்தேக்கமும் மின்நிலைமமும் ஒளிந்துள்ளன. சில வோல்ட் அதற்குள்ளேயே இழக்கப்படுகிறது. சூடேறினால் குணம் மாறுகிறது. கணக்கு சிகரத்தின் அடிவாரம் வரை கொண்டுபோய் விடும். உச்சியை அளவிதான் காட்டும்.

மேலும் ஓர் இடர் உண்டு. பெருமத் திறன் தரும் சுமையும், சிறந்த பயனுறுதிறன் தரும் சுமையும், மிகத் தூய சைகை தரும் சுமையும் ஒன்றாக இருப்பதில்லை. வரம்பை முட்டும் பெருக்கி, அலையின் உச்சியைத் தட்டையாக்குகிறது. 4.4 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 8.8, 13.2 என்ற மடங்குகளையும் சேர்த்துத் தருகிறது. இவற்றை வடிகட்டி நிறுத்தவேண்டும். இல்லையேல் பிறருடைய அலைவரிசைக்கு இடையூறு. ஆகவே மூன்று மலைகளின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறான் பொறியாளன்.

உப்புக் காற்றும் புயலும்

மீண்டும் கடலூருக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் செம்மை செய்த பெருக்கி கடற்கரைக்கு வந்ததும் சோதனை தொடங்குகிறது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கிறது; ஈரம் கம்பிக்குள் புகுகிறது. 50 ஓமாக இருக்கவேண்டிய சுமை 100 ஓமாக மாறிவிட்டால், ஒன்பதில் ஒரு பங்குத் திறன் திரும்பி வரும். போகும் அலையையும் வரும் அலையையும் பிரித்துக் காட்டும் சிறு அளவியைப் பாதையில் வைத்திருந்தால், இந்த நோயை முன்கூட்டியே அறியலாம். திரும்பி வருவது எல்லை மீறினால் பரப்பி தானே தன்னைத் தணித்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம்.

இதில் என்ன பெரிய பயன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. கடல் ரேடார் புயலைத் தடுக்காது. ஆனால் நீரோட்டப் படம் கையிலிருந்தால், திசை தவறிய படகை எங்கே தேடுவது என்று சொல்லலாம். கடலில் சிந்திய எண்ணெய் எங்கே ஒதுங்கும் என்று கணிக்கலாம். நம் கரையோர நீரோட்டம் பிப்ரவரியையொட்டி வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் திரும்புவதை நாள்தோறும் தொடரலாம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் பயில்வோருக்கும், பிச்சாவரத்துக் கழிமுகத்தை ஆராய்வோருக்கும் இது பயன்படும் செய்தி.

மின்சாரம் நின்ற நேரத்தில்தான் பயனுறுதிறனின் அருமை தெரியும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி சேமக்கலம் ஒன்றில் 1,200 வாட்-மணி ஆற்றல் உண்டு. 40 வாட் தரும் பெருக்கியின் பயனுறுதிறன் 30 சதவீதமானால், அது 133 வாட் உறிஞ்சி 9 மணியில் சேமக்கலத்தைத் தீர்த்துவிடும். 60 சதவீதமானால் 18 மணி தாங்கும். ஒரு புயல் இரவு முழுவதும் என்று கொள்ளுங்கள்! சுமையைச் சரியாக அளந்து தேர்ந்ததன் பலன் அது.

நீங்களும் செய்து பாருங்கள்

சிதம்பரத்திலோ வேறெந்த ஊரிலோ கல்லூரி ஆய்வுக்கூடம் வாய்த்த மாணவர்கள் இதனைக் கையால் செய்து பார்க்கலாம். வானொலி அதிர்வெண் வேண்டாம். ஒரு சிறு ஒலிப்பெருக்கிச் சுற்று போதும். ஒலிபெருக்கிக்குப் பதில் 4 ஓம் முதல் 100 ஓம் வரை, வெப்பம் தாங்கும் மின்தடைகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். சுற்றின் குறிப்பில் கொடுத்துள்ள குறைந்த சுமைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்; பெருக்கி பழுதாகிவிடும். ஒவ்வொரு முறையும் அலைநோக்கியில் பார்த்து, அலையின் உச்சி தட்டையாகத் தொடங்கும் வரை உள்ளீட்டை உயர்த்துங்கள். அப்போதைய மின்னழுத்த வீச்சின் வர்க்கத்தைத் தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும். மின்வழங்கியின் மின்னோட்டத்தையும் குறித்துக்கொண்டால் பயனுறுதிறனும் தெரியும். தடையைக் கிடை அச்சிலும் திறனைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள்.

பிறகு பெருக்கியின் உள்தடையைச் சிறு சைகையில் தனியே அளந்து பாருங்கள். அந்த அளவுக்கும் உங்கள் வரைபடத்தின் சிகரத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது? அந்தத் தூரத்தைத் தாண்டத்தான் பொறியாளர்களுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.